மடிப்புக்குள் 286

மக்பூல் அகமது மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டதும் பிரேம்நாத் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இல்லாத மாமனாரிடம் நலம் விசாரிக்க ஆரம்பித்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆம்பூரில் பாதிப் பேர் அந்தப் பெரியவரைக் கண்டால் அப்படித்தான் தப்பிக்கிறார்கள். மீதிப் பேர் செருப்பு வாரைச் சரி செய்யக் குனிந்து, அவர் தெரு திரும்பும் வரை நிமிர்வதில்லை.

மனிதர் தங்கமானவர். சொந்தமாகத் தோல் பதனிடும் தொழிற்சாலை வைத்திருந்து, எழுபது வயதில் கைமாற்றிவிட்டு, நாலு வருஷமாக வீட்டில் இருக்கிறார். குறை ஒன்றே ஒன்றுதான். நாற்பது வருஷத்துக்கு முன் தோல் விற்க இத்தாலிக்குப் போனவர், ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று ஃபுளோரன்ஸ் நகரத்தில் அரை நாள் சுற்றினார். அந்த அரை நாள் இன்னும் முடியவில்லை. ஆயிரம் வருஷம் முடங்கிக் கிடந்த கலையும் படிப்பும் அந்தப் பக்கத்தில் எப்படிக் கண் விழித்தன, ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கு முதல் விதை எங்கே விழுந்தது என்பதுதான் அவருக்கு அன்றிலிருந்து பேச்சு. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால், தால்ச்சா வருவதற்குள் ஃபுளோரன்ஸ் வந்துவிடும். மனைவி இருந்தவரை அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது வீட்டில் கேட்பதற்குச் சுவர்க் கடிகாரம்தான், அதுவும் நின்று போனது என்கிறார்கள்.

"மாமா, அப்புறம் பேசறேன், முக்கியமான கஸ்டமர்" என்று பிரேம்நாத் போனை வைத்தான். தப்பிக்க வழியில்லை. ஜஹான் துப்பறியும் நிறுவனத்தில் இருப்பது ஒரே அறை, ஒரே கதவு.

அந்த நிறுவனத்தின் முதலாளி, தொழிலாளி, துப்பறியும் மூளை எல்லாமே அஃப்ஸர் ஜஹான்தான். வயது ஐம்பத்து மூன்று. ஷூ பேக்டரியில் இருபத்திரண்டு வருஷம் தரம் பார்க்கும் மேஜையில் நின்று, ஜோடியில் எது கோணல் என்று கண்டுபிடித்தவள். அங்கிருந்து நின்றதும் மனிதர்களில் கோணல் பார்க்க வந்துவிட்டாள். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. கணவர் காலமாகி ஆறு வருஷம். மகள் உமைமா பெங்களூரிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் நாலு நிமிஷம் பேசுவாள். நாலுதான், எதிர்வீட்டில் நேரம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உதவியாளன் பிரேம்நாத் நாற்பத்தைந்து வயதுக்காரன், பேரணாம்பட்டு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பஸ் நின்றுவிட்டது, வாய் நிற்கவில்லை.

மக்பூல் அகமது உட்கார்ந்தார். ஜிப்பாப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து, அதிலிருந்து நாலு தாள்களையும் அவை வந்த தபால் உறைகளையும் மேஜை மேல் பரப்பினார்.

"மொட்டைக் கடுதாசிம்மா. நாலு வந்திருக்கு. யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியணும்."

"மிரட்டலா சாப்?" என்றாள் அஃப்ஸர்.

"அதைவிட மோசம். நான் சொன்னது தப்புன்னு எழுதியிருக்கான்."

பிரேம்நாத் எட்டிப் பார்த்தான். "எதைப் பத்தி பாய்?"

கேட்டிருக்கக் கூடாது. மக்பூல் அகமது நிமிர்ந்து உட்கார்ந்தார். போன வருஷம் நகர நூலகத்தில் அவர் ஒரு சொற்பொழிவு நடத்தினார். அதன் சாரம் இது: மறுமலர்ச்சியின் பிறப்பிடம் ஆட்டுத்தோல். பழைய காலத்து அறிவெல்லாம் தோலில் எழுதப்பட்டு மடங்களின் அலமாரிகளில் கிடந்ததால்தான் ஆயிரம் வருஷம் தாங்கியது. தாங்கியதால்தான் பின்னால் வந்தவர்கள் கண்டெடுத்தார்கள். ஆகவே மறுமலர்ச்சிக்குப் பிரசவம் பார்த்தவன் தோல்காரன்.

"நல்ல கூட்டம்" என்று முடித்தார்.

"மூணு பேர் ஆபா" என்று பிரேம்நாத் அஃப்ஸரின் காதில் சொன்னான். "அதுல ரெண்டு பேர் ஃபேனுக்கு வந்தவங்க. வாட்ச்மேன் என் தோஸ்த்."

"முதல் கடுதாசியப் படிங்க" என்றார் பெரியவர்.

தமிழில், சாய்வில்லாத எழுத்தில், நாலே வரி. தோல் ஆயிரம் வருஷமும் அலமாரியில் இருந்ததே, பின் ஏன் ஆயிரம் வருஷம் யாரும் விழிக்கவில்லை? துறவிகள் அதே தோலைச் சுரண்டி, பழைய எழுத்தை அழித்து, மேலே பிரார்த்தனை எழுதிக்கொண்டார்களே, அந்தக் கணக்கில் தோல்காரனைச் சேர்ப்பீர்களா?

இரண்டாவது கடிதம் 1348-இல் ஃபுளோரன்ஸைப் பிடித்த கொள்ளை நோய் பற்றியது. ஊரில் பாதிக்கு மேல் செத்தார்கள், உடுத்த ஆள் இல்லாமல் துணி மிஞ்சியது. மூன்றாவது, அந்தக் கந்தல் துணியெல்லாம் காகிதமானது, காகிதம் மலிந்தது, மலிந்ததால்தான் புத்தகம் சாதாரண வீட்டுக்குள் நுழைந்தது என்றது. நாலாவது கடிதம் எல்லாவற்றிலும் சின்னது. புத்தகம் கிடைத்தது பெரிதல்ல, அதைத் தேட வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றியதுதான் பெரிது. அந்தக் காலத்து அறிஞர் ஒருவர், தனக்கு ஏறக்குறைய ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப் போனவருக்குக் கடிதம் எழுதினார். உயிரோடு இருப்பவர்களில் பேச ஆள் இருந்தால் யாராவது அப்படிச் செய்வார்களா? மறுமலர்ச்சி அங்கேதான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

கையெழுத்து இல்லை, முகவரி இல்லை. உறையில் ஆம்பூர் தபால் முத்திரை மட்டும்.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள ஆளைக் கண்டுபிடிக்கணும்" என்றார் மக்பூல் அகமது. "அன்னிக்கு என் மகன் முஜாஹித் பெங்களூர்லேர்ந்து கார் எடுத்துட்டு வர்றான். வீட்டைப் பூட்டிட்டு அவனோட போறேன். திரும்பி வர மாட்டேன்."

அன்று வியாழன்.

"கண்டுபிடிச்சு இன்னா பண்ணப் போறீங்க?"

"கேஸ் போடுவேன்."

அஃப்ஸர் நாலாவது உறையைத் திருப்பினாள். "இது வந்து அஞ்சு மாசம் ஆச்சே சாப். அஞ்சு மாசமா வராத கோபம் இப்ப வருதா?"

"கோபம் அது வர்ற நேரத்துக்குத்தானே வரும்?" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

திட்டி வந்த கடிதத்தை மனிதர்கள் கசக்குவார்கள், கிழிப்பார்கள். இந்த நாலும் கை பட்டுப் பட்டு ஓரம் வழவழத்திருந்தன. அஃப்ஸர் அதைக் கவனித்தாள், சொல்லவில்லை. வாடிக்கையாளர் பொய் சொன்னால் உடனே பிடிக்கக் கூடாது என்பது அவள் கொள்கை. பிடித்தால் அடுத்த பொய் கிடைக்காது.

*

பெரியவர் போனதும் அவள் தாள்களைப் படிக்காமல் திருப்பிப் போட்டாள். இருபத்திரண்டு வருஷத்து வியாதி அது. கல்யாணத்துக்குப் போனாலும் மணப்பெண்ணைப் பார்க்கும் முன் செருப்பின் உள்பக்கத்தைப் பார்ப்பாள்.

"கடையில வாங்கின காகிதம் இல்ல இது" என்றாள். "கையால செஞ்சது. ஓரத்தைப் பாரு."

நாலு பக்க ஓரமும் மெல்லியதாகச் சீவப்பட்டு, உள்பக்கம் மடித்து ஒட்டப்பட்டிருந்தது, விரல் நுனி அகலத்துக்கு. பிரேம்நாத் தடவினான்.

"அழகுக்குப் பண்ணியிருப்பாங்க ஆபா."

"காகிதத்தை எவன் சீவி மடிப்பான்? தோலைத்தான் அப்படிச் செய்வோம். ஷூவோட மேல்பாகம் தைக்கறதுக்கு முந்தி ஓரத்தைச் சீவி, மடிச்சு, ஒட்டுவோம். மோந்து பாரு."

"ரப்பர் சொல்யூஷன்" என்றான் பிரேம்நாத், மூக்கைச் சுருக்கி. "ஊரே இந்த வாசனைதான்."

"அவருக்கு ஏன் தெரியல?"

"அவரு டேனரிக்காரர். அவங்களுக்குத் தோலோட முழு உடம்பும் தெரியும். அது ஷூ ஆனப்புறம் நடக்கறது தெரியாது."

சொன்னது சரிதான். தோல் பதனிடுகிறவனுக்கும் ஷூ தைக்கிறவனுக்கும் நடுவில் ஒரே ஒரு தெருதான். ஆனால் ஒருவன் வேலை மற்றவனுக்கு அயல்நாடு.

அஃப்ஸர் கட்டைவிரல் நகத்தை மடிப்பின் கீழ் மூலையில் செருகி, பொறுமையாக நெம்பினாள். மடிப்பு விட்டுக்கொடுத்தது. உள்ளே, சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும் வெள்ளிநிற மையில் மூன்று இலக்கம்: 286.

நாலு தாளிலும், நாலு மடிப்புக்குள்ளும், அதே 286.

"ஆபா" என்றான் பிரேம்நாத். "பஸ் நம்பரா?"

அவள் நாற்காலியில் சாய்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல வருஷம் கழித்து, கூட்டத்தில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது அவள் முகம்.

"எங்க பேக்டரி" என்றாள் கடைசியில். "வெட்டின ஆளோட டோக்கன் நம்பரை வெள்ளிப் பேனாவுல மடிப்புக்குள்ள எழுதறது எங்க பேக்டரியில மட்டும்தான். சாமான்ல தப்பு இருந்தா நான் மடிப்பைப் பிரிச்சு, நம்பரைப் பாத்து, அந்த ஆளோட மேஜைக்கே திருப்பி அனுப்புவேன்."

"அப்ப 286 யாருன்னு உங்களுக்குத் தெரியுமே!"

"தெரியாது." அவள் குரல் இறங்கியது. "இருபத்திரண்டு வருஷத்துல 286-ஐ நான் ஒருவாட்டிகூட திருப்பி அனுப்பினதில்ல. தப்பு பண்ணவங்களைத்தான் எனக்குத் தெரியும். ஒழுங்கா வேலை செஞ்சவங்க யாரையும் நான் பாத்ததே இல்லப்பா."

பிரேம்நாத்துக்கு ஒரு பதில் நாக்கு நுனியில் இருந்தது. அவனைப் பொறுத்தவரை அபூர்வமான விஷயம், அதை விழுங்கிக்கொண்டான்.

*

வெள்ளிக்கிழமை காலை பேக்டரி அலுவலகத்தில் காஷிஃப் என்ற இளம் அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டினான். அவன் தாயாருக்கு ஒரு மருமகள் விஷயமாக அஃப்ஸர் விசாரித்துக் கொடுத்திருக்கிறாள், அதனால் மரியாதை ஜாஸ்தி.

"286, கட்டிங் பிரிவு. எபினேசர். ரிட்டயர்ட்." காஷிஃப் கொஞ்சம் நிறுத்தினான். "ஆபா, இவர் இறந்துட்டாரே."

"எப்ப?"

"பதினாலு மாசம் ஆகுது."

பிரேம்நாத் உறைகளின் தபால் முத்திரையைப் பார்த்தான். முதல் கடிதம் வந்தது பத்து மாசம் முன்பு.

"செத்து நாலு மாசம் கழிச்சு லெட்டர் போட்டிருக்காரு" என்றான். "தபால் ஆபீஸ்காரன் லேட் பண்ணுவான், தெரியும். ஆனா இது அவன் தப்பு இல்ல போலிருக்கே."

வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து அஃப்ஸர் மக்பூல் அகமதுக்குப் போன் செய்தாள். வேலையில் பாதி முடிந்தாலும் தகவல் சொல்லிவிடுவது அவள் வழக்கம்.

"சாப், கடுதாசில ஒரு நம்பர் இருந்துச்சு. அந்த நம்பர் ஆள் மவுத்தாகி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

எதிர்முனையில் சத்தமே இல்லை. பேசாத மக்பூல் அகமதைக் கேட்பது ஆம்பூரில் அவள்தான் முதல் ஆளாக இருக்கும்.

"அப்ப..." என்றது ஒரு சின்னக் குரல். "இனிமே வராதாம்மா?"

அஃப்ஸர் கண்ணை மூடிக்கொண்டாள். "கேஸ் போடப் போறேன்னீங்களே சாப்."

"கேஸாவது மண்ணாவது. எனக்குப் பதில் சொல்லணும்மா. மூணாவது கடுதாசில எவ்ளோ பெரிய ஓட்டை இருக்கு தெரியுமா? மாசக்கணக்கா மனசுக்குள்ளயே வெச்சிருக்கேன். யார்கிட்ட சொல்றது?" மூச்சு வாங்கினார். "ஊருல ஒரு ஆள் என்னைத் தப்புன்னு சொன்னான். தப்புன்னு சொல்லணும்னா முழுசா கேட்டிருக்கணும், இல்லையா? நாற்பது வருஷத்துல என்னை முழுசாக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை நான் போய்ட்டேன்னா, அவன் எங்கயாவது உயிரோட இருந்து எழுதினாலும் யாருக்கு வரும்?"

போனை வைத்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. ஷிப்டு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மூன்றாவது தாளை எடுத்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். காகிதத்தின் உடம்புக்குள் நூல் நூலாக வெளிர்நீலக் கோடு, அரையும்போது முழுசாக அரைபடாதது. ஒரு மூலையில் பொத்தான் தைத்த தடித்த நூலின் துணுக்கு.

"பிரேம்நாத், அந்த நம்பர் எழுதின ஆளோடது இல்ல."

"பின்ன?"

"வெட்டினவன் நம்பரை ஏன் போடறோம்? சாமானுக்கு அவன்தான் பொறுப்பு. இந்தக் காகிதத்தோட சாமான் எபினேசரோடது. அதனால அவர் நம்பர்." தாளை அவனிடம் நீட்டினாள். "கந்தல்லேர்ந்து காகிதம் வந்துச்சு, செத்தவங்க துணிலேர்ந்து வந்துச்சுன்னு எழுதியிருக்கே. எழுதினது மட்டும் இல்ல, செஞ்சும் காட்டியிருக்கு. இது அவர் சட்டைப்பா."

*

சனிக்கிழமை காலை, காஷிஃப் கொடுத்த முகவரிக்குப் போனார்கள். சர்ச்சுக்குப் பின்னால் சின்னத் தெரு. எபினேசர் வீடு எது என்று கேட்பதற்குள் பக்கத்து வீட்டு எல்லம்மா வெளியே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இப்படி ஒரு ஆள் தெருவுக்குத் தெரு இருந்தால் துப்பறியும் தொழிலே தேவைப்படாது.

"அவர் போனதுலேர்ந்து அந்தம்மா தனியாதான் இருக்குது. பசங்க இல்ல. யார்கிட்டயும் பேசாது. ஆனா ஒண்ணு, அப்பப்ப கிரைண்டர் போட்டுச்சுன்னா நாலு மணி நேரம் ஓடும். நாலு மணி நேரம்! நானும் இன்னிக்கு இட்லி வரும், நாளைக்கு வரும்னு பாத்தேன். ஒரு வில்லைகூட வரல. ஒருத்திக்கு எவ்ளோ மாவு வேணும்?"

"நல்லவேளை தரல" என்றான் பிரேம்நாத். "பட்டனோட முழுங்கியிருப்பீங்க."

எல்லம்மாவுக்குப் புரியவில்லை. புரியாததை அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கதவைத் திறந்தவளுக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, நரைத்த தலை, காதோரம் சொருகிய பென்சில். அஃப்ஸரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் நேராக நின்றாள்.

"க்யூசி மேடம்! தரம் பாக்கற மேஜைல இருந்தீங்களே!"

"என்னைத் தெரியுமா?"

"தைக்கற பிரிவுல பதினெட்டு வருஷம் இருந்தேன். பிரிசில்லா. நீங்க என் முகத்தைப் பாத்ததில்ல. நீங்க சாமானைத்தான் பாப்பீங்க." குறையாகச் சொல்லவில்லை, ஆனாலும் அஃப்ஸருக்குச் சுருக்கென்றது.

உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை. ஜன்னலில் கொசுவலை அடித்த மரச்சட்டம் ஒன்று சாய்ந்திருந்தது. கூழை ஊற்றிக் காய வைக்கும் சட்டம். கிரைண்டர் துணி போட்டு மூடியிருந்தது. தபாலில் படித்து வாங்கிய எம்.ஏ. வரலாற்றுச் சான்றிதழ் சுவரில், கணவனின் படத்துக்குப் பக்கத்தில்.

அஃப்ஸர் நாலு தாளையும் மேஜை மேல் வைத்தாள்.

பிரிசில்லாவின் முகம் ஒரு கணம் மலர்ந்து உடனே கவலைப்பட்டது. "திரும்பி வந்துடுச்சா? என்ன தப்பு மேடம்?"

"ஏன் பேர் போடல?"

"பேர் போட்டா, பொம்பளை எழுதினது, ஷூ தைக்கிறவ எழுதினதுன்னு பேச்சு வேற எங்கயோ போய்டும். நம்பர் போட்டா தப்பை மட்டும் பாப்பாங்க. அதான் அவர் நம்பரைப் போட்டேன். சாமான் அவரோடதுதானே." தாளின் ஓரத்தைத் தடவினாள். "லைப்ரரில அவர் பேசினப்ப பின்வரிசைல இருந்தேன். எனக்கு ஒரு கேள்வி இருந்துச்சு. கேள்வி ஏதாவது உண்டான்னு கேட்டாரு. என் தலைக்கு மேல, காலி சேரைப் பாத்துக் கேட்டாரு. நான் எழுந்திரிக்கறதுக்குள்ள போய்ட்டாரு."

"நாலோட ஏன் நிறுத்திட்டீங்க?" என்றான் பிரேம்நாத்.

"திரும்பி வரலையே" என்றாள் அவள், இதில் என்ன சந்தேகம் என்பது போல. "ஒண்ணு அனுப்பினேன், திரும்பல. ரெண்டு, மூணு, நாலு. எதுவும் திரும்பல. தப்பு இருந்தா திரும்பும். திரும்பலன்னா பாஸ். பெரியவர் நான் சொன்னதை ஒத்துக்கிட்டார்னு நினைச்சேன். ஒத்துக்கிட்டவர்கிட்ட மேல இன்னா பேசறது மேடம்?"

மேஜையின் இழுப்பறையைத் திறந்தாள். நாலு வெற்றுத் தாள்கள். அதே நீலக் கோடு, அதே மடிப்பு.

"ஒத்தையா வெட்டிப் பழக்கமில்ல. ஒவ்வொண்ணும் ஜோடியா செஞ்சேன். ஒண்ணு கேள்விக்கு. இன்னொண்ணு, அவர் தப்புன்னு திருப்பி அனுப்பினா நான் பதில் எழுதறதுக்கு."

அங்கே ஒரு மனிதர் பதில் சொல்ல முகவரி இல்லாமல் பத்து மாசம் தவித்திருக்கிறார். இங்கே முகவரி கொடுத்துவிட்டதாக நம்பி ஒருத்தி பத்து மாசம் காத்திருக்கிறாள். முகவரி மடிப்புக்குள்ளேயே இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அப்படிப் பழக்கம் இல்லாதவர்களும் உலகத்தில் உண்டு என்பது இவளுக்குத் தெரியவில்லை.

"பிரிசில்லாம்மா" என்றாள் அஃப்ஸர், "அவர் ஒண்ணையும் ஒத்துக்கல."

பிரிசில்லா நிமிர்ந்தாள். "ஒத்துக்கலையா?"

"ஒரு வரிகூட. நாளைக்கு ஊரைவிட்டுப் போறார். அதுக்குள்ள உங்களைப் பாத்து சண்டை போடணுமாம்."

பிரேம்நாத் பிற்பாடு பலரிடம் சொன்னது இது. நீ ஜெயிக்கவில்லை என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட முகத்தை அவன் பஸ்ஸிலும் பார்த்ததில்லையாம், வெளியிலும் பார்த்ததில்லையாம்.

"நாலு மணிக்கு வரச் சொல்லுங்க" என்றாள் பிரிசில்லா. "நான் என் நோட்ஸைத் தேடணும்."

*

நாலு மணிக்கு ஆட்டோவிலிருந்து இறங்கிய மக்பூல் அகமது இஸ்திரி போட்ட ஷெர்வானியில் இருந்தார். வாசலில் நின்றார். ஊரே ஓடி ஒளியும் அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பிரிசில்லாவைப் பார்த்தார், சுவரிலிருந்த சான்றிதழைப் பார்த்தார், பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்தார்.

"உக்காருங்க" என்றாள் பிரிசில்லா. "மூணாவது கடுதாசில ஏதோ ஓட்டைன்னீங்களாம்?"

அவ்வளவுதான்.

"ஓட்டையா? லாரியே போகும்! கொள்ளை நோய்க்கு அப்புறம்தான் காகிதம்னு எழுதியிருக்கீங்க. ஃபாப்ரியானோன்னு ஒரு ஊர், அங்க அதுக்கு எழுபது எண்பது வருஷம் முந்தியே காகிதம் செஞ்சாங்க. அதுவும் அரபுக்காரங்ககிட்டேர்ந்து வந்த வித்தை!"

"செஞ்சாங்க. யாரு வாங்கினது? மலிஞ்சது எப்ப, அதைச் சொல்லுங்க."

"நீங்க சொன்ன அறிஞருக்கு வெரோனா ஊர்ல, செத்தவரோட பழைய கடுதாசிக் கட்டு கிடைச்சது எப்ப? நோய் வர்றதுக்கு மூணு வருஷம் முந்தி! உங்க கந்தல் அப்ப ஆள் உடம்புல இருந்துச்சு!"

"தேடினது ஒருத்தர் சார். அவர் தேடினதைப் படிச்சது எத்தனை பேர்? ஒருத்தன் முழிச்சுக்கிட்டா அதுக்குப் பேர் மறுமலர்ச்சியா? தூக்கம் வராதவன்னுதான் சொல்வாங்க!"

மக்பூல் அகமது சிரித்தார். நாற்பது வருஷமாக அந்த விஷயத்தில் அவரை யாரும் சிரிக்க வைத்ததில்லை.

அஃப்ஸர் திண்டாடிப்போய் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். யாரும் அவளை உள்ளே கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் அங்கே இருப்பதே இருவருக்கும் ஞாபகம் இல்லை. ஐந்தரைக்குப் பிரேம்நாத் ஆட்டோவில் ஏறிக்கொண்டு, "கடைசி ஸ்டாப்பிங் ஆபா, இறங்கறவங்க இல்ல, நாம போலாம்" என்றான்.

வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் தேநீர் போட்டுக்கொண்டு, யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தாள். உமைமா பேசுவது வெள்ளிக்கிழமை. இது சனி. போனைக் கீழே வைத்தாள். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது, அங்கே சொன்னால் நாளை ஊருக்கே தெரியும். தேநீர் ஆறும் வரை அந்த 286 தன் மேஜையைக் கடந்து போன ஆயிரக்கணக்கான முறைகளில் ஒன்றையாவது ஞாபகப்படுத்திப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

*

ஞாயிறு காலை பத்தரைக்கு மாடிப்படியில் வேகமான காலடி. உள்ளே வந்தவனுக்கு நாற்பது வயது, விலை உயர்ந்த ஷூ. அஃப்ஸர் முதலில் பார்த்தது அதைத்தான். இடது காலில் தையல் அரை நூல் விலகியிருந்தது.

"நீங்கதானே டிடெக்டிவ்? நான் முஜாஹித். மக்பூல் அகமது மகன். எங்க அப்பாவைக் காணோம்."

பிரேம்நாத் இருமினான்.

"பெட்டியெல்லாம் கார்ல ஏத்தியாச்சு. சாவி கொடுத்தாச்சு. இதோ வர்றேன்னு எட்டு மணிக்கு வெளிய போனவர். போன் அடிக்குது, எடுக்கல. எழுபத்து நாலு வயசு ஆள் எங்க போவார்?" அவன் குரலில் பயம் உண்மையாகவே இருந்தது. கெட்ட மகன் இல்லை. "இங்க அவருக்குப் பேச ஒரு ஆள் இல்ல மேடம். அதுக்காகத்தானே கூட்டிட்டுப் போறேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன் தம்பி" என்றாள் அஃப்ஸர். பதிவேட்டைத் திறந்து, காணாமல் போனவர் என்ற இடத்தில் பெயரை எழுதினாள், அவசரமே இல்லாமல். "கண்டுபிடிக்கலாம். சாயங்காலம் ஆகும்."

"சாயங்காலமா? இத்துனூண்டு ஊர்ல?"

"உயிருக்கு ஆபத்தில்ல. அதுக்கு நான் பொறுப்பு. ஆனா ஆளைத் தேடணும்னா ஆளைப் பத்தித் தெரியணும். சொல்லுங்க. அவருக்கு எதுல இஷ்டம்?"

"எதுலன்னா... ஏதோ வெளிநாட்டு சரித்திரம். சாப்பிடறப்பல்லாம் பேசிட்டே இருப்பார்."

"என்ன சரித்திரம்? எந்த ஊரு? எப்ப நடந்தது?"

முஜாஹித் கார் சாவியை விரலில் சுற்றினான். கீழே பஸ் நிலையத்தில் யாரோ வாணியம்பாடி, வாணியம்பாடி என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

"நான் கேட்டதில்ல" என்றான்.

அஃப்ஸர் பேனாவை மூடினாள். "வேற யாராவது கேட்டிருக்காங்களான்னு முதல்ல பாப்போம். அங்கதான் இருப்பார்."

அவன் அவளைக் கூர்ந்து பார்த்தான். பிறகு கார் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.